நான் சொன்ன ஓம்

கிழக்கு லண்டனில் ஒரு கல்லூரியின் சம்பளப் பிரிவில் பத்தொன்பது வருடங்களாக வேலை செய்கிறேன். என் கையால் யாருக்கும் ஒரு பென்னி கூடவும் போனதில்லை, குறையவும் போனதில்லை என்று சொல்லித் திரிந்தவள் நான். கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன். வீட்டில் யாராவது எதையாவது மறந்துவிட்டால், "மறந்து போனன் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, எனக்கு விசர் வரும்" என்று கத்துவேன். அப்படிப்பட்டவளுக்கு நடந்த கதை இது. இதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் பிரிவின் வேலையில் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. ஒருவருடைய சம்பளத்தைக் கூட்டவேண்டும் என்றால் அவருடைய பிரிவிலிருந்து ஒரு படிவம் வரும். குறைக்கவேண்டும் என்றாலும் ஒரு படிவம் வரும். படிவம் வந்தால் மாற்றுவோம், வராவிட்டால் தொடமாட்டோம். ஆகவே எந்தப் பிழையும் எங்கள் பிழை இல்லை என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு எப்போதும் ஒரு வசதி இருந்தது.

அந்தக் கல்லூரிக்கு ஓர் உதைபந்தாட்ட அணி உண்டு. அதன் உதவிப் பயிற்சியாளர் எங்கள் ஆள், மன்னார்ப் பக்கம். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் தமிழ் என்று அவர் கண்டுபிடித்ததே ஒரு வேடிக்கை. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் ஈஸ்ட் ஹாம் மரக்கறிக் கடைக்காரரோடு போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். முதல்நாள் வாங்கிய முருங்கைக்காய் முழுக்க நாரும் தும்புமாக இருந்தது. மனதில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு போனை வைத்தால், கதவடியில் விசில் தொங்கும் கழுத்தோடு ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். "அக்கா யாழ்ப்பாணமோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் அவருக்கு அக்கா, அவர் எனக்குத் தம்பி. தேவாலயத் திருநாளுக்குச் செய்த பலகாரத்தை ஒரு வருடமும் விடாமல் ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுவந்து தருவார். தன் மனைவி சுட்டது என்பதை மறக்காமல் சொல்வார்.

ஒரு வருடம் தலைமைப் பயிற்சியாளருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் திரும்பி வரும்வரை தம்பிதான் தலைமைப் பொறுப்பைப் பார்த்தார். அதற்கு மாதாமாதம் ஒரு மேலதிகக் கொடுப்பனவு. அதைத் தொடங்கச் சொல்லும் படிவம் ஒழுங்காக வந்தது, நானே பதிந்தேன். மூன்று மாதத்தில் தலைமைப் பயிற்சியாளர் தடி ஊன்றிக்கொண்டு திரும்பிவிட்டார். நிறுத்தச் சொல்லும் படிவத்தை அனுப்ப விளையாட்டுப் பிரிவில் எல்லாரும் மறந்துபோனார்கள். கொடுப்பனவு தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

ஒன்பது மாதம் கழித்துக் கணக்காய்வாளர்கள் வந்தபோதுதான் அது பிடிபட்டது. ஒரு திங்கட்கிழமை காலை எச்.ஆர். பிரிவுப் பெண் என் மேசைக்கு வந்து, சின்ன அறைக்கு வரச் சொன்னாள். மெதுவாகப் பேசும் ஆங்கிலேயப் பெண். கையில் குறிப்புப் புத்தகம் வைத்திருந்தாள்.

கூடுதலாகப் போன பணத்தைத் திரும்ப எடுப்பது சிக்கல் இல்லை, சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கலாம் என்றாள். கேள்வி அதுவல்ல. தனக்கு உரியதல்லாத பணம் வருகிறது என்று தெரிந்தும் பயிற்சியாளர் சும்மா இருந்தாரா? தெரிந்து மறைத்தார் என்று முடிவானால் வேலை போய்விடும். அப்படி ஒரு காரணத்தோடு வேலை போனவரைப் பிள்ளைகளோடு வேலை செய்யும் வேறெந்த இடத்திலும் எடுக்கமாட்டார்கள். விசாரணை முடியும்வரை அவரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"அவர் மறைக்கவில்லை என்கிறார்," என்றாள். "தை மாதம் உங்களுக்கு போன் செய்து, பணம் இன்னும் வருகிறது, இது சரியா என்று கேட்டதாகவும், நீங்கள் சரி என்று சொன்னதாகவும் சொல்கிறார். தமிழில் பேசினாராம். அப்படி ஓர் அழைப்பு வந்ததா?"

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அது சத்தியம். அப்படி யார் கேட்டாலும் எழுத்தில் அனுப்பச் சொல்வதுதான் என் வழக்கம் என்றேன். அதுவும் உண்மை. அவள் எழுதி, தட்டச்சு செய்து கொண்டுவந்தாள், நான் கையெழுத்து வைத்தேன். மேசைக்குத் திரும்பியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நானும் தமிழ் என்பதற்காக என் தலையில் கட்டப் பார்க்கிறாரே, பலகாரம் தந்ததற்குக் கைம்மாறு கேட்கிறாரோ என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே எழுதாமல் விட்டால் நான் இன்னொரு தரம் பொய் சொன்னவளாவேன்.

புதன்கிழமை, அதாவது மூன்றாம் நாள், வேலையால் வந்து பிளேஸ்டோவில் இருக்கும் என் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தேன். மகள் குசினி மேசையில் இருந்து தன் பல்கலைக்கழகத்தில் ஏதோ விரிவுரையாளரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அடுப்பில் பருப்பு, கையில் அரிசிச் சட்டி. நான் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அவள் நிறுத்தினாள். "அம்மா, நான் இப்ப என்ன சொன்னனான்?"

"ஏதோ விரிவுரையாளர்."

"நான் கோர்ஸை விடப்போறன் எண்டு சொன்னனான். நீங்கள் ஓம் எண்டனீங்கள்." பிறகு சிரித்தாள். "சும்மா சொன்னனான். யூ சே ஓம், பட் யூ ஆர் நொட் லிசனிங். ஆல்வேய்ஸ், அம்மா."

நான் அவளைப் பேச வாயெடுத்தவள், கையில் அரிசிச் சட்டியோடு அப்படியே நின்றேன். அந்த போன் அழைப்பு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

மாதக் கடைசி, சம்பளம் அனுப்பவேண்டிய நாள். பிற்பகல் மூன்று மணிக்குள் வங்கிக்கு எல்லாம் போகவேண்டும். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தேன். அவர் குரல் கேட்டது. "அக்கா, பெரியவர் திரும்பி வந்திட்டார்."

"ஓம்."

"ஆனா அந்த மேலதிகக் காசு எனக்கு இன்னும் வருது."

"ஓம், ஓம்."

"நான் இப்பவும் வெளியூர் மட்சுகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போறன், ஒருவேளை அதுக்காக்கும் எண்டு வீட்டில மனுசி சொல்லுறா. அப்பிடியோ அக்கா? இல்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ, நான் அதில கை வைக்கமாட்டன்."

"ஓம் தம்பி."

"அப்ப அது எனக்குரியதுதானே?"

"ஓம், ஓம். வைக்கட்டே தம்பி?"

இவ்வளவும் சொல்லுக்குச் சொல் காதில் வந்தது. அன்றைக்குக் கேட்காத காது ஒன்பது மாதம் கழித்துக் கேட்டது.

ஓம் என்றால் ஆம் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் போனில் எங்கள் ஆட்கள் சொல்லும் ஓமுக்கு வேறு பொருள்களும் உண்டு. நீ சொல்வது கேட்கிறது, மேலே சொல்லு. எனக்கு வேலை இருக்கிறது, கெதியாகச் சொல்லு. சொன்னது போதும், வை. இவ்வளவுக்கும் ஓம்தான். யாரோ இறந்துபோன செய்தி வந்தாலும் ஓம், ஓம் என்றுதான் கேட்டுக்கொண்டு நிற்போம். பிரிவில் என்னோடு இருக்கும் மற்றவர்களை அவர் அன்றைக்கு ஆங்கிலத்தில் கேட்டிருந்தால், மின்னஞ்சல் போடு, பார்த்துச் சொல்கிறோம் என்றிருப்பார்கள். நானும் ஆங்கிலத்தில் கேட்டவருக்கு அப்படித்தான் சொல்லியிருப்பேன். தமிழில் கேட்டதால் ஓம் என்றேன். அவர் வேலை போகப் பார்ப்பதும் அதனால்தான்.

அடுத்த நாள் காலை போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தரம் என்னைக் கேட்டிருக்கிறேன். பயம்தான். ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது. மகள் படித்துக்கொண்டிருந்தாள். அவர் என்னிடம் சொன்னார் என்று நான் ஒப்புக்கொண்டால், அந்த ஒன்பது மாதமும் என் தலையில்தான் விழும். ஏற்கெனவே ஞாபகம் இல்லை என்று கையெழுத்து வேறு வைத்துவிட்டேன். பயத்துக்குப் பக்கத்தில் வீம்பும் இருந்தது. பத்தொன்பது வருடப் பெருமையை ஓர் ஓமுக்காக விடுவதா? ஒவ்வொரு நாளும் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். எழுதிக் கேட்டிருக்கலாமே. பிரிவு மேலாளரைக் கேட்டிருக்கலாமே. சம்பளச் சிட்டையை இரண்டு பேரிடம் காட்டியிருக்கலாமே. மற்றவர்கள் செய்திருக்கவேண்டியதை நினைப்பதில் நான் கெட்டிக்காரி.

எங்கள் ஜன்னலால் பார்த்தால் மைதானம் தெரியும். கல்லூரிப் போட்டிகள் புதன்கிழமைகளில்தான் நடக்கும். பத்தாம் நாள் ஒரு புதன்கிழமை. வேறு யாரோ ஒருவர் விசிலோடு நின்றார். பிள்ளைகள் ஒழுங்காகத்தான் விளையாடினார்கள். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் இருந்தேன்.

எனக்கு இன்னொன்றும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. கோடை காலத்தில் தம்பியின் விலாசம் மாறியதற்கான படிவத்தைப் பதிந்தவள் நான். ஈஸ்ட் ஹாமில் யாரோ வீட்டின் மேல்மாடியில் ஒற்றை அறையில் இருந்தவர்கள், பிளேஸ்டோவில் ஒரு சின்ன பிளாட்டுக்கு மாறியிருந்தார்கள். என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. அந்த மேலதிகக் காசை நம்பித்தான் மாறியிருப்பார்கள் என்று கணக்குப் பார்க்க எனக்குக் கல்குலேட்டர் தேவையில்லை. பின்னேரம் பேருந்தால் இறங்கி, அந்தத் தெருவைத் தவிர்ப்பதற்காகச் சுற்றி நடந்தேன். மழைக்குள்ளும் சுற்றித்தான் நடந்தேன்.

அந்தப் பத்தாம் நாள் பிற்பகலே எச்.ஆர். பெண் ஒரு கடித உறை கொண்டுவந்து தந்தாள். விசாரணைக்கு முன் நான் பார்க்கவேண்டிய, தம்பியின் வாக்குமூலத்தின் பிரதி. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எளிமையான, கொஞ்சம் பிழையான ஆங்கிலம். ஏன் மின்னஞ்சல் அனுப்பவில்லை என்ற கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தார். சம்பளப் பிரிவு அக்கா எங்களுடைய மூத்த பெண்மணி, அவர் ஒரு சொல் சொன்ன பிறகு அதை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டால், அவரை நம்பவில்லை என்று ஆகும். அது எங்களுக்குள் வழக்கமில்லை.

அதை வாசித்தபோது நான் கூசிப்போனேன். என்னைப் பற்றி ஒரு குறைகூட எழுதவில்லை. அவருடைய வேலை போகப்போகிறது, அப்போதும் என் மரியாதையைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அழுதது அவருக்காகவா எனக்காகவா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

பதினோராம் நாள் காலை, போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் எச்.ஆர். அறைக்குப் போனேன். அவர் போன் செய்தது உண்மை, பணம் வருகிறது என்று சொன்னதும் உண்மை, நான் ஓம் என்றதும் உண்மை என்றேன். அவள் பேனாவை எடுத்தாள்.

"ஓம் என்றால்? யோகா வகுப்பில் சொல்வார்களே, அதுவா?"

"இல்லை. எங்கள் மொழியில் ஆம் என்பது."

"அப்படியானால் பணம் அவருக்குரியது என்று சொன்னீர்கள்."

"நான் சொன்ன சொல் அதுதான். ஆனால் அவர் கேட்டது என் காதில் ஏறவில்லை. நீங்கள் சொல்வது கேட்கிறது என்பதற்கும் நாங்கள் அதையேதான் சொல்வோம்."

அவள் எழுதியதை ஒருதரம் வாசித்தாள். "அவர் அதை ஆம் என்று எடுத்தது நியாயமா?"

"முழு நியாயம். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பேன்."

"இது உங்களுக்கு எப்போது ஞாபகம் வந்தது?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. "நேற்றுப் பின்னேரம்," என்றேன். அவள் அதையும் எழுதினாள். இவ்வளவு உண்மை சொல்ல வந்தவள் அந்த ஓர் இடத்தில் வழுக்கி விழுந்தேன். விழுந்தது யாருக்கும் தெரியவில்லை.

விசாரணை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அவர் மறைக்கவில்லை என்று எழுதினார்கள். பணத்தைச் சிறு தொகையாக நீண்ட காலத்துக்குக் கழிப்பது என்றும், வேலையில் எந்தக் கறையும் இல்லை என்றும் முடிவானது. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்தார்கள். அது இந்தப் பத்தொன்பது வருடத்தில் முதலாவது. அதை வாங்கிக் கைப்பையில் வைத்தபோது நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் என்னை இன்னும் வெட்கப்படுத்தியது. இதற்காகவா அவரை அத்தனை நாள் வீட்டில் இருத்தி வைத்தேன்?

அடுத்த புதன்கிழமை போட்டி முடிந்து, பிள்ளைகள் உடுப்பு மாற்றப் போன பிறகு, மைதானத்துக்கு இறங்கிப் போனேன். அவர் புல்லில் இருந்த மஞ்சள் கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து சிரித்தார்.

"தம்பி, நீர் என்னை மன்னிக்கவேணும்," என்றேன்.

"என்னக்கா நீங்கள். நீங்கள் வந்து சொன்னபடியாத்தானே நான் இண்டைக்கு இதில நிக்கிறன். ஞாபகம் வராட்டில் நீங்கள் என்ன செய்யிறது? எனக்கே எத்தினை விசயம் மறக்குது. ஞாபகம் வந்த உடன ஓடி வந்து சொல்லிப்போட்டீங்கள். வேற ஆரும் எண்டால் சொல்லியிருக்க மாட்டினம்."

 அவர் இன்னும் இரண்டு கூம்புகளை எடுத்தார்.

"வீட்டிலதான் கொஞ்சம் கரைச்சலாப் போச்சு," என்றார். "முதல் நாள் மனுசி சொன்னவ, பயப்பிடாதேங்கோ, அக்கா உள்ளதைச் சொல்லுவா எண்டு. பிறகு நாள் போகப் போக அவ கதைக்கிறது குறைஞ்சு போச்சு. ஒன்பதாம் நாள் சாப்பாட்டைப் போட்டு முன்னால வைச்சிட்டு என்னைக் கேட்டா, உண்மையாவே நீங்கள் அண்டைக்கு அவவுக்குப் போன் எடுத்தனீங்களோ எண்டு."

"இப்ப சரிதானே தம்பி? இப்ப அவவுக்குத் தெரியும்தானே?"

"இப்ப சரி. அழுதவ, மன்னிப்பும் கேட்டவ. ஆனா கலியாணம் கட்டி இத்தினை வருசத்தில அவ என்னை அப்பிடி ஒரு கேள்வி கேட்டதில்லை அக்கா. நானும் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு இருந்தன்.  கடைசியில எனக்கே சந்தேகம் வந்திட்டுது, நான் உண்மையிலயே போன் எடுத்தனானோ எண்டு."

அந்த இடத்தில் நான் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் என்னை மன்னித்துவிட்டார். எச்சரிக்கைக் கடிதத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது. நேற்றுப் பின்னேரம் என்று நான் சொன்ன பொய்யால் இனி ஒருவருக்கும் நட்டமில்லை. ஆனால் செய்யாத நல்ல காரியத்துக்கு அவர் நன்றி சொல்லிக்கொண்டு நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்கு மூண்டாம் நாளே ஞாபகம் வந்திட்டுது தம்பி," என்றேன்.

அவர் கையிலிருந்த கூம்புகளைக் கீழே வைத்தார்.

"மூண்டாம் நாளோ?"

"பயத்தில சொல்லேல்லை."

அவர் என்னைத் திட்டவில்லை. மைதானத்தின் அந்தப் பக்கம் கம்பி வேலிக்கு அப்பால் போகும் பேருந்தைப் பார்த்தார். மனதுக்குள் நாட்களை எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"அப்ப ஒன்பதாம் நாள் மனுசி என்னைக் கேக்கேக்கை," என்று மெதுவாகச் சொன்னார், "உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்," என்றேன்.

அவர் குனிந்து கூம்புகளைப் பைக்குள் போட்டு, வாயை இழுத்துக் கட்டித் தோளில் மாட்டினார். இரண்டடி போய்த் திரும்பினார்.

"இதை நான் அவவுக்குச் சொல்லமாட்டன் அக்கா. நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ. நன்றியா அவ ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உங்கட பேரில காசு குடுத்திருக்கிறா."